வாட்டம் குறைந்த கூரை

வெண்டெல் பெல்கோலா டெக்சாஸுக்குக் கிளம்பிப் போன அன்று எதிர்வீட்டு மிஸஸ் ரோபிஷோவின் கூரை பாதி பிரித்தபடி கிடந்தது. தெருவைப் பார்த்த பக்கம் பழைய ஷிங்கிள்கள், ஓடு போல வரிசையாக அடிக்கும் தார் அட்டைகள், நுனி சுருண்டு அப்படியே இருந்தன. தோட்டத்துப் பக்கம் வெறும் பலகை. அதன்மேல் ஒரு தார்ப்பாயை இழுத்துவிட்டு, மூலைக்கு ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தான்.

தெற்கே பெரிய ஆலங்கட்டி மழை பெய்தால் கூரைக்காரர்களுக்குத் திருவிழா மாதிரிதான். ஒரே மழையில் ஆயிரக்கணக்கான வீடுகளின் ஷிங்கிள் நொறுங்கிப் போகும். அந்த மழையின் பின்னாலேயே ஊர் ஊராகப் போய்க் கூரை போடும் கூட்டங்கள் உண்டு. அப்படி ஒரு கூட்டத்தில் இருந்த வெண்டெலின் பழைய கூட்டாளி போன் பண்ணியிருந்தான். மறுநாள் காலை ஒரு வேன் வந்து நின்றது. வெண்டெல் ஒரு துணிப்பையையும் சுத்தியல் தொங்கும் இடுப்பு வாரையும் எடுத்துக்கொண்டு அதில் ஏறினான். தன்னுடைய லாரி, ஏணிகள், ஆணித் துப்பாக்கி எல்லாவற்றையும் அப்படியே விட்டுப் போனான். அவன் மனைவி லோயிஸ் அதற்குள் வேலைக்குப் போயிருந்தாள். கார்லைல் பே பள்ளிக்கூடத்தில் அவள் சமையல்காரி.

மதியச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தபோது சமையலறை போன் அடித்தது.

"லோயிஸ், உன் புருஷன் என் வீட்டுக்கு மொட்டையடிச்சுட்டு எங்க போனான்?"

"மேல இல்லையா மிஸஸ் ரோபிஷோ?"

"மேல இருந்தா உனக்கு ஏன் போன் பண்றேன்? காலையில ஒரு வேன் வந்துச்சு. ஏறினான். கையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். ஆணி வாங்கத்தான் போறான்னு நெனச்சேன்."

லோயிஸ் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். ஏரிப் பக்கம் வானம் ஈயத் தகடு போலக் கருத்திருந்தது. சுப்பீரியர் ஏரியிலிருந்து எழும்பும் மழை யாருக்காகவும் காத்திருக்காது. அவள் கரண்டியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வெண்டெலின் லாரிச் சாவி எப்போதும் தொங்கும் இடத்தில் தொங்கியது. எதிர்வீட்டுச் சுவரில் ஏணி சாத்தியே இருந்தது. வெள்ளை ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் மேலே ஏறினாள்.

சனிக்கிழமைகளில் வெண்டெலுக்கு ஷிங்கிள் கட்டு தூக்கிக் கொடுத்திருக்கிறாள், கத்தியால் அளவு வெட்டிக் கொடுத்திருக்கிறாள். ஆணி அடித்ததில்லை. அன்றைக்கு அவள் செய்தது ஒன்றுதான். தார்ப்பாயை முகட்டுக்கு மேல் இழுத்து மறுபக்கம் மடித்து, பலகைச் சட்டம் வைத்து ஆணியடித்து இறுக்கினாள். அடித்த ஆணிகளில் பாதி வளைந்தன. இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஆனால் மிஸஸ் ரோபிஷோவின் படுக்கையறைக்குள் ஒரு சொட்டு விழவில்லை.

இரவு வெண்டெல் விஸ்கான்சினில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கிலிருந்து பேசினான்.

"ரெண்டு வாரம்தான் லோயிஸ். போய்ட்டு வந்து முடிச்சுடறேன்னு அந்தக் கிழவிகிட்ட சொல்லு."

"நீயே சொல்லு," என்று லோயிஸ் போனை வைத்தாள்.

அவன் சொல்லவில்லை. இரண்டு வாரம் ஒரு கோடையாக நீண்டது. டெக்சாஸ் முடிந்து ஓக்லஹோமா, அது முடிந்து ஃப்ளோரிடாவில் சூறாவளி. போன் வருவது முதலில் வாரத்துக்கு ஒன்றாக இருந்தது, பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு கிறிஸ்துமஸுக்கு மட்டும், அப்புறம் அதுவும் இல்லை.

மிஸஸ் ரோபிஷோவின் கூரையை லோயிஸ்தான் முடித்தாள். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்ததால் பகலெல்லாம் மேலே இருந்தாள். மிஸஸ் ரோபிஷோ எழுபதைத் தாண்டியவள், ஒரு காலத்தில் தையல்காரி. புல்வெளியில் மடக்கு நாற்காலி போட்டு, வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள்.

"கோணலா போகுது."

"எங்க?"

"கீழேர்ந்து மூணாவது வரிசை. வலது பக்கம் தொங்குது. உன்னப் பாவாடை தைக்கச் சொன்னா நீ இப்படித்தான் தைப்பியா?"

லோயிஸ் இறங்கி வந்து கீழே நின்று பார்த்தாள். தொங்கத்தான் செய்தது. திரும்ப ஏறி, மூன்று வரிசையையும் பிரித்து, சுண்ணாம்பு நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டி நேர்க்கோடு போட்டு, மறுபடி அடித்தாள். அந்தக் கூரை அவளுக்குப் பிடித்துப்போனது. சமையலறையில் எவ்வளவு செய்தாலும் ஒரு மணிக்குள் தின்று தீர்ந்துவிடும். இது செய்தால் நிற்கிறது. இப்படி யாரிடமும் அவள் சொன்னதில்லை. அடுத்த வசந்தத்தில் பள்ளி வேலையை விட்டாள் என்பதுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? இரும்புக்கடையில் கடைக்காரர் ட்ரெவாரோவின் காப்பிப் பானையைச் சுற்றி காலையில் நாலைந்து பேர் எப்போதும் நிற்பார்கள். லோயிஸ் ஆணிப் பெட்டி வாங்க உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கும்.

"லோயிஸ், வெண்டெல் வந்தா சொல்லு, என் கராஜ் கூரை ஒழுகுது," என்றார் ட்ரெவாரோ ஒருநாள், மற்றவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டியபடி.

"வெண்டெல் வந்தா நீங்களே சொல்லிக்குங்க. ஒழுகறத வேணா எங்கிட்ட சொல்லுங்க."

காப்பி குடித்தவர்கள் சிரித்தார்கள். ட்ரெவாரோவின் கராஜ் அந்த வருடமே அவள் கைக்கு வந்தது. அதன் பிறகு லூத்தரன் தேவாலயத்தின் வண்டிக் கொட்டகை, பிறகு ஏரிக்கரையில் வேட்டைக்காரர்களின் மரவீடுகள். அந்த ஊரில் கூரை வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஆண்டில் பாதி நாள் பனி ஆள் உயரத்துக்குக் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் இடம் அது. நல்ல கூரை போட்டவர்களை ஊர் நினைவில் வைத்திருக்கும். மோசமாகப் போட்டவர்களை அதைவிடக் கெட்டியாக நினைவில் வைத்திருக்கும்.

மகன் ரசல் பள்ளி முடித்து கிரீன் பே நகரில் காகித ஆலை வேலைக்குப் போனான். லோயிஸ் தனியாக இருந்தாள். தோள் அகன்றது, கை காய்த்தது. வெயிலில் அவள் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் தோட்டத்து சவுனாவில், அந்தச் சின்ன வெந்நீராவி அறையில், விறகு போட்டுக் காய்ந்துவிட்டு, மாட்டிறைச்சியும் கிழங்கும் அடைத்த பாஸ்டி ஒன்றைச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். வெண்டெலைப் பற்றி யாராவது கேட்டால் தெற்கே இருக்கிறான் என்பாள். விவாகரத்து செய்யச் சொல்லி ரசல் சொல்லிப் பார்த்தான். அதற்கு ஒருநாள் வேலையை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், மழைக்காலம் முடியட்டும் என்றாள். மழைக்காலம் முடிந்தால் பனிக்காலம்.

இத்தனைக்கும் அவள் சொந்த வீட்டின் பின்னறை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வீடு சுரங்கக் கம்பெனி தன் ஆட்களுக்காகக் கட்டிய பழைய வீடு. கூரை செங்குத்தாக இருக்கும், பனி விழுந்தால் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். கல்யாணமான புதிதில் வெண்டெல் நண்பர்களைக் கூட்டிவந்து பின்பக்கம் ஓர் அறை இழுத்தான். மாடிப் படுக்கையறையின் ஜன்னல் அந்தச் சுவரில்தான் இருந்தது. புதுக் கூரை அந்த ஜன்னலுக்குக் கீழே அடங்க வேண்டும் என்பதால் வாட்டம் கொடுக்க இடமில்லாமல் போயிற்று. தண்ணீர் ஓடலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி ஒரு சரிவு. அதன்மேல் ஒற்றைத் தார்த்தாளை விரித்து, மற்ற கூரைகளுக்குப் போடுவது போலவே ஷிங்கிள் அடித்து முடித்துவிட்டான். முதல் மார்ச்சிலேயே ஒழுகியது. அறையின் சூட்டில் பனி அடியில் உருகும். உருகிய தண்ணீர் விளிம்புவரை வந்து, அங்கே குளிரில் உறைந்து கட்டிக்கொள்ளும். பின்னால் வருகிற தண்ணீருக்குப் போக வழி இல்லாமல், ஷிங்கிளுக்கு அடியில் புகுந்து மேல்நோக்கி ஏறி வீட்டுக்குள் சொட்டும்.

ஊரிலுள்ள கூரைகளையெல்லாம் வேய்ந்த லோயிஸ் அதை மட்டும் தொடவில்லை. சாமான்களை வெளியே எடுத்துவிட்டு, வாளிகளை வைத்து, கதவைச் சாத்திவிட்டாள்.

"ஊருக்கெல்லாம் குடை பிடிக்கறே, உன் தலை நனையுது," என்றாள் மிஸஸ் ரோபிஷோ.

"அது வெண்டெலோட கூரை."

"அவனே ஒழுகிப் போய் எத்தனை வருஷமாச்சு. அவன் கூரைக்கு என்னடி மரியாதை?"

 மரியாதை இல்லை என்று லோயிஸுக்கே தெரியும். வேறு என்ன என்றுதான் தெரியவில்லை.

அவன் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகு, ஒரு செப்டம்பர் மாதம், கப்பல்துறைப் பக்கம் ஒரு வீட்டில் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளோடு வேலை பார்த்த ஆள் அன்றைக்கு மான் வேட்டைத் துப்பாக்கியைப் பழுது பார்க்கப் போயிருந்தான். கீழே யாரோ குனிந்து குனிந்து நடமாடுவது தெரிந்தது. மேலே இருந்து பார்க்கத் தொப்பியும் ஒரு கைத்தடியும்தான் தெரிந்தன. அந்த ஆள் புல்லில் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு காப்பி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான்.

"யாருங்க அது? அது என் ஆணி," என்று குரல் கொடுத்தாள்.

"தெரியும். டயர்ல ஏறிடும்னு பொறுக்கறேன்."

குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது. அவள் கையில் இருந்த ஷிங்கிளை வைத்து அடித்தாள். அடுத்ததையும் அடித்தாள். அந்த வரிசை முடியும்வரை அடித்துவிட்டுத்தான் கூரை விளிம்புக்கு வந்தாள்.

"எப்ப வந்த?"

"ஜூலையில."

"இது செப்டம்பர்."

"ஆமா."

ஓக்லஹோமாவில் இரண்டு மாடிக் கூரையிலிருந்து விழுந்திருந்தான். இடுப்பில் இரும்புக் கம்பி வைத்திருந்தார்கள். ஏணி ஏறினால் நாலாவது படியில் கால் நடுங்கும். டயர்க்கடைக்கு மேலே ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். இதையெல்லாம் கீழே இருந்து அண்ணாந்து சொன்னான். அவள் இறங்கி வரவில்லை. அவனையும் மேலே வரச் சொல்லவில்லை, அவனால் வரவும் முடியாது.

"பின்னறை இன்னும் ஒழுகுதா?" என்று கேட்டான்.

"ஒழுகுது. அது ஒண்ணுதான் நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."

வெண்டெல் டப்பாவைக் குலுக்கிப் பார்த்துக்கொண்டான். "அதை நான் சரி பண்ணித் தரேன். அதுல மட்டும் என்னால ஏற முடியும். உயரமும் இல்ல, வாட்டமும் இல்ல. கிழவன்கூட நடக்கலாம்."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் லோயிஸ்.

யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். ரசலுக்கு எப்படியோ சேதி போய்விட்டது.

"அம்மா, அந்த ஆளை வீட்டுக்குள்ள விட்டுடாத."

"வீட்டுக்குள்ள எங்க விடறேன்? வீட்டு மேலதான் விடறேன்."

"இது சிரிக்கற விஷயம் இல்லம்மா."

"நான் சிரிக்கல ரசல். மார்ச் வந்தா மறுபடி வாளி வைக்கணும். எனக்கு அலுத்துப் போச்சு."

வெண்டெல் வேலைக்கு வந்த முதல்நாள் காலை மிஸஸ் ரோபிஷோ தன் வாசலில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்பதைத் தாண்டியும் அவள் கண் மங்கவில்லை.

"என்ன வெண்டெல், ஆணி வாங்கிட்டு வந்துட்டியா?"

அவன் தொப்பியைக் கழற்றினான்.  "வந்துட்டேன் மிஸஸ் ரோபிஷோ," என்றான்.

"நல்ல தூரமான கடைதான்."

வேலை தொடங்கும் முன்பே இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. வீட்டு முன்பக்கக் கூரைக்குப் போட்ட அதே பச்சை ஷிங்கிள் கட்டுகளை லோயிஸ் இறக்கி வைத்திருந்தாள்.

"இந்த வாட்டத்துக்கு ஷிங்கிளா? நான் பண்ணின அதே தப்பையா நீயும் பண்ணப் போற? தார்ச் சுருள விரிச்சு ஒட்டிட்டுப் போவியா."

"அளந்துட்டேன். ஓர் அடி ஓட்டத்துக்கு ரெண்டரை அங்குலம் இறங்குது. ரெண்டுக்குக் கீழ இருந்தா நானே போட மாட்டேன். அடியில முழுக்க ஒட்டுத்தாள் போட்டா ஷிங்கிள் நிக்கும்."

"பின்பக்கம்தானே? யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேன். காலையில ஜன்னல் திரையை விலக்கினா முதல்ல கண்ணுல படறது அதுதான். இத்தனை வருஷம் அந்தக் கண்றாவியத்தான் பாத்துட்டு எந்திரிச்சேன். சுருளும் வேணாம், ஒண்ணும் வேணாம். முன்பக்கம் மாதிரியே இருக்கணும்."

வெண்டெல் மாடி ஜன்னலை ஒருமுறை பார்த்தான். பிறகு மண்வெட்டி போன்ற கருவியை எடுத்து, பழைய ஷிங்கிளுக்கு அடியில் கொடுத்து நெம்பத் தொடங்கினான். உட்கார்ந்தபடியே, பின்புறத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து பிரித்தான். அந்தச் சரிவில் அப்படி வேலை செய்ய முடிந்தது.

பிரிக்கப் பிரிக்க உள்ளே இருந்தது வெளியே வந்தது. தார்த்தாள் தொட்டால் கிழிந்தது. விளிம்புப் பக்கம் பலகைகள் ஊறிய ரொட்டி போல இருந்தன. வெண்டெலின் கைத்தடி ஓரிடத்தில் பொத்தென்று உள்ளே போய் பின்னறைக்குள் விழுந்து வாளியில் மோதும் சத்தம் கேட்டது. எடுத்துவர லோயிஸ்தான் இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது அவன் ஒரு பழைய ஷிங்கிளைக் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஆணியெல்லாம் மேல தூக்கி அடிச்சிருக்கேன். ஓரத்துல தகரமே கெடையாது. இதப் போட்டவன் என்கிட்ட வேலைக்கு வந்திருந்தா அன்னைக்கே அனுப்பியிருப்பேன்."

"உனக்கு அப்ப இருபத்திரண்டு வயசு," என்றாள் லோயிஸ், தடியை அவனிடம் நீட்டியபடி.

அழுகிய பலகைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது பிளைவுட் அடித்தார்கள். அதற்கு முன்பு லோயிஸ் உட்கூரைக்கு மேலே பஞ்சுப் பாளங்களைக் கனமாக அடுக்கினாள், அறையின் சூடு மேலே ஏறிப் பனியை உருக்காமல் இருக்க. ஜன்னலுக்குக் கீழே சுவர்ப்பலகைகளைக் கழற்றி, ஒட்டுத்தாள் சுவரில் ஒரு முழம் ஏறுகிற மாதிரி ஏற்பாடு செய்தாள். கூரையும் சுவரும் சேரும் இடத்தில்தான் தண்ணீர் திருடன் மாதிரி நுழையும்.

ஒட்டுத்தாள் கோந்து பூசிய கனத்த ரப்பர் தாள். அடியிலுள்ள பிளாஸ்டிக்கை உரித்துக்கொண்டே பலகைமேல் பதிக்க வேண்டும். ஒருதரம் ஒட்டினால் ஒட்டியதுதான். வெயில் இருந்தால்தான் பிடிக்கும், அக்டோபர் வெயிலோ மத்தியானம் கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். முதல் துண்டை லோயிஸ் ஒரு முனையிலும் வெண்டெல் மறுமுனையிலும் பிடித்துக்கொண்டார்கள். ஏரியிலிருந்து ஒரு காற்று வந்தது. தாள் படகுப்பாய் போலக் கிளம்பி, மடங்கி, தன்மேலேயே ஒட்டிக்கொண்டது. பிரிக்கப் போன வெண்டெலின் சட்டைக் கையும் அதோடு ஒட்டிக்கொண்டது.

"விடு, இழுக்காத!"

"நான் எங்க இழுக்கறேன்? அதுதான் என்னை இழுக்குது!"

"அசையாம இரு வெண்டெல். அசைஞ்சா தொப்பியும் போயிடும்."

கத்தியால் சட்டைக் கையை முழங்கையோடு வெட்டி அவனை விடுவித்தாள். ஒரு கை சட்டையோடும் ஒரு கை வெறுமையாகவும் அவன் கூரையில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியபின் இருவருக்கும் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மறுபடி வேலையில் இறங்கினார்கள். கெட்டுப்போன துண்டு தோட்டத்து மூலைக்குப் போயிற்று. அடுத்த துண்டைச் சிறியதாக வெட்டிக்கொண்டார்கள்.

கூரை முழுவதும் கறுப்பாக, ஓட்டை இல்லாமல் மூடிய மறுநாள் ஷிங்கிள் அடிக்கத் தொடங்கினார்கள். விளிம்பில் தகரம், அதன்மேல் தொடக்க வரிசை, பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக. வெண்டெல் கட்டைப் பிரித்து எடுத்துக் கொடுத்தான், அவள் ஆணித் துப்பாக்கியால் அடித்துக்கொண்டே போனாள். பாதிக் கூரை பச்சையானபோது அவள் தலை நிமிராமலே கேட்டாள்.

"மிஸஸ் ரோபிஷோ வீட்டை முடிச்சுட்டுப் போயிருக்கலாமில்ல? அந்த ஒரு பக்கத்தையாவது. மூணு நாள் வேலை."

 கையிலிருந்த ஷிங்கிளைத் தொடையில் வைத்துக்கொண்டான்.

"முடிச்சிருந்தா போயிருக்க மாட்டேன்," என்றான். "முடிச்சதும் கீழ இறங்கிப் பாத்திருப்பேன். நல்லா இருக்குன்னு தோணியிருக்கும். அப்புறம் உன்கூட உக்காந்து சாப்பிட்டிருப்பேன். அடுத்த வீடு வந்திருக்கும். எனக்கு அது தெரிஞ்சுதான் அப்படியே போட்டுட்டு வேன்ல ஏறிட்டேன்."

"என் மேல கோபமா அப்ப?"

"இல்ல. கோபம் இருந்தா சொல்லிட்டுப் போயிருப்பேனே."

லோயிஸ் அடுத்த ஆணியை அடித்தாள். அது சாய்வாக இறங்கிற்று. சின்ன நெம்புகோலால் பிடுங்கி, துளையில் தார் தடவி, பக்கத்தில் வேறொன்று அடித்தாள். இத்தனை வருடங்களில் இந்தக் கேள்விக்கு அவள் தனக்குத்தானே பல பதில்களைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். இன்னொருத்தி, குடி, அவளுடைய வாய், அவளுடைய வாய் பேசாமை. இது அந்தப் பட்டியலில் இல்லை. வருத்தப்படுவதா என்று யோசித்தாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது இதுதான்: அவன் அந்த மூன்று நாள் வேலையை முடித்திருந்தால், அவள் இன்றைக்கும் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருப்பாள்.

"அடுத்தத எடு," என்றாள்.

கடைசி நாளில் வெயில் இல்லை. கோடையில் போட்டால் சூட்டில் ஷிங்கிள்கள் தாமே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒவ்வொன்றின் நுனியையும் தூக்கி, அடியில் ஒரு பொட்டு தார் வைத்து, கையால் அழுத்தினார்கள். வெண்டெல் ஓர் ஓரத்திலிருந்தும் லோயிஸ் மறு ஓரத்திலிருந்தும் நகர்ந்து வந்தார்கள். முடிந்ததும் அவன் ஏணியில் ஒவ்வொரு படியாக, பின்பக்கமாக இறங்கினான். அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவன் தடியை எடுத்துக்கொண்டு, வருகிறேன் என்று சொல்லிவிட்டு டயர்க்கடையை நோக்கி நடந்துவிட்டான்.

அந்தக் குளிர்காலம் பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டது. மார்ச்சில் உருகத் தொடங்கியபோது லோயிஸ் பின்னறைக் கதவைத் திறந்து அறை நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். உட்கூரைப் பலகைகளையும் தொட்டுப் பார்த்தாள், காய்ந்தே இருந்தன. அன்று கடைக்குப் போகும் வழியில் டயர்க்கடையில் லாரியை நிறுத்தி மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஒழுகல."

ஜன்னலைத் திறந்த வெண்டெல், "ம்," என்றான். ஜன்னலை மூடினான்.

மே மாதம் அவள் வேலையிடத்துக்கு அவன் காலையிலேயே வந்து நின்றான். வரச்சொல்லி அவள் கேட்கவில்லை, போகச் சொல்லவும் இல்லை. சக்கரம் வைத்த காந்தத்தைப் புல்வெளியில் உருட்டி ஆணி பொறுக்குவது, கட்டுகளைத் தூக்கு இயந்திரத்தில் ஏற்றிவிடுவது, குப்பையை வண்டியில் தள்ளுவது என்று கீழ்வேலை முழுவதும் அவனுடையதாயிற்று. வாரக் கடைசியில் மற்ற ஆட்களுக்குக் கொடுப்பது போலவே அவனுக்கும் கூலி கொடுத்தாள். கோடை வீடுகளுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் ஆண்பிள்ளையைப் பார்த்ததும் அவனிடம் போவார்கள்.

"ஏங்க, இந்த முகட்டுக்குக் காத்துத் துளை வெக்கப் போறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? முதலாளி மேல இருக்காங்க," என்று வெண்டெல் முகவாயால் காட்டினான்.

"அவங்க உங்க மனைவியா?"

வெண்டெல் யோசித்தான். "அதையும் அவங்களத்தான் கேக்கணும்," என்றான். வந்தவர் கேட்கவில்லை.

மிஸஸ் ரோபிஷோ அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனாள். அடக்கம் முடிந்ததும் தேவாலயத்து நிலவறையில் காப்பியும் இனிப்பு ரொட்டியும் கொடுத்தார்கள். வெண்டெல் ஓரமாக உட்கார்ந்திருந்தான், ரசலும் வந்திருந்தான். அப்பனும் மகனும் ஒரே மேசையில் உட்கார்ந்து மீன்பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார்கள். வேறு எதையும் பேசவில்லை. லோயிஸ் தூரத்திலிருந்து பார்த்தாள், அருகில் போகவில்லை.

அதற்குப் பிறகுதான், வெண்டெலின் இடுப்பு குளிரில் மோசமாக வலிக்கிறது என்று கேள்விப்பட்டு, டயர்க்கடை மாடிப்படிகளை ஏறிப் போனாள். அந்த அறைக்குள் அவள் போனது அதுவே முதல்முறை. கட்டில், சின்ன அடுப்பு, ஜன்னலோரம் ஒரு நாற்காலி. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"பின்னறை காலியாத்தான் கெடக்கு," என்றாள். "படி ஏற வேணாம். விறகு நீதான் வெட்டிக்கணும். சமையல் தனித்தனி. அவ்வளவுதான் நான் சொல்றது. வேற ஒண்ணும் இல்ல."

வெண்டெல் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தான்.

"உனக்கு நல்ல மனசு லோயிஸ். ஆனா எனக்கு இங்க பழகிப்போச்சு. கீழ பசங்க சத்தம் போடுவாங்க, மதியம் சீட்டு விளையாடக் கூப்பிடுவாங்க. அங்க வந்தா நான் தப்பு பண்ணினவனாவே உக்காந்திருக்கணும். இங்க நான் வாடகைக்கு இருக்கறவன்."

"சரி," என்றாள் லோயிஸ்.

படி இறங்கும்போது ஏமாற்றமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. நிம்மதியும் இருந்தது, அதுதான் சற்று அதிகம் போலத் தோன்றியது. திங்கட்கிழமை அவன் வழக்கம்போல வேலைக்கு வந்தான், அவளும் வழக்கம்போல மேலே ஏறினாள்.

வசந்தத்தில் அவள் பின்னறைச் சுவருக்கு வெள்ளையடித்தாள். மாடியிலிருந்த தன் கட்டிலைக் கழற்றி, துண்டு துண்டாகக் கீழே கொண்டுவந்து அங்கே பூட்டினாள். அவளுக்கும் முழங்கால் வலிக்கத் தொடங்கியிருந்தது. கூரை அவ்வளவு தாழ்வாக இருந்ததால், கட்டிலில் படுத்துக் கை நீட்டினால் உட்கூரையைத் தொட்டுவிடலாம் போல இருந்தது. முதல் மழை ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பெய்தது. ஏழு மணிக்கு தேவாலய மணி அடித்தபோதும் லோயிஸ் எழுந்திருக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, மல்லாந்து படுத்தபடி, மழை நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.